மாம்பழம், லிச்சி, பட்டர் ஃப்ரூட் ஒயின்: ஹோம்ஸ்டெட் பக்கம் போய்ச் சுவைத்தவர்கள் இருக்கிறீர்களா?

அட்லாண்டா குமரன்:

அடுத்த மாதக் கடைசியில் மயாமிக்குப் பறந்து, அங்கிருந்து கார் எடுத்துக்கொண்டு கீ வெஸ்ட் தீவு வரை போகிறோம். நான், மனைவி, மனைவியின் அக்கா, சகலை. வழியில் ஹோம்ஸ்டெட்டுக்குப் பக்கத்தில் ரெட்லேண்ட் என்ற தோட்டப் பகுதியில் ஷ்னெப்லி என்று ஒரு ஒயின் ஆலை இருப்பதைச் சகலை பார்த்து வைத்திருக்கிறார். திராட்சை கிடையாதாம். மாம்பழம், லிச்சி, கொய்யா, பேஷன் ஃப்ரூட், ஸ்டார் ஃப்ரூட், அப்புறம் அவகாடோவில்கூட (ஊரில் பட்டர் ஃப்ரூட் என்று மில்க் ஷேக் போடுவோமே, அதே பழம்தான்) ஒயின் செய்கிறார்களாம்.

எனக்கு ஒயின் பிடிக்கும், ஆனால் இனிப்பில்லாத வகைதான். முன்பு ஒரு கடையில் வாங்கிய பழ ஒயின் சர்பத்தில் சாராயம் ஊற்றியது மாதிரி இருந்தது, இரண்டு மடக்கோடு வைத்துவிட்டேன். அதனால் கேட்கிறேன்: இதெல்லாம் உண்மையிலேயே ஒயினா, இல்லை சுற்றுலா வருகிறவர்களுக்கு விற்கிற இனிப்புத் தண்ணீரா? எதை முதலில் கேட்டு வாங்கிக் குடிக்க வேண்டும்? இன்னும் இரண்டு சந்தேகம். மனைவி சுத்த சைவம், ஒயினைத் தெளியவைக்க மீனிலிருந்து எடுக்கும் பசையைச் சேர்ப்பார்கள் என்று எங்கோ படித்துவிட்டு யோசிக்கிறாள். அவள் அக்காவுக்கு வேறு பயம், பழத்தைப் புளிக்கவைத்தால் மெத்தனால் வரும், கண் போகும் என்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கட்லர்பே செல்வி:

குமரன், கண்டிப்பாக நிறுத்துங்கள். நான் இருப்பது கட்லர் பேயில், ஊரிலிருந்து யார் வந்தாலும் கடற்கரைக்குப் போகிறோமோ இல்லையோ ரெட்லேண்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன்.

அங்கே ஏன் திராட்சை இல்லை என்பதைத் தெரிந்துகொண்டு போனால் குடிப்பதற்கே ஒரு அர்த்தம் கிடைக்கும். ஐரோப்பியத் திராட்சைக் கொடியை ஃபுளோரிடாவில் நட்டால் பியர்ஸ் நோய் வந்து சில வருடங்களில் பட்டுப்போகும். சைலெல்லா என்கிற பாக்டீரியாவின் வேலை அது. சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சிகள் கொடிக்குக் கொடி பரப்பும், கொடிக்குள் தண்ணீர் ஏறுகிற குழாய்கள் அடைத்துக்கொள்ளும். தாக்குப்பிடிப்பது மஸ்கடைன் என்கிற உள்ளூர்த் திராட்சை, அதை வைத்து வடக்கே கிளெர்மான்ட்டில் லேக்ரிட்ஜ் என்ற ஆலை ஒயின் செய்கிறது. ஹோம்ஸ்டெட் பக்கமோ தரையே சுண்ணாம்புப் பாறை. பாறையை இயந்திரத்தால் உடைத்துத்தான் மரம் வைக்கிறார்கள். அந்தப் பாறையில் மா, லிச்சி, அவகாடோ, ஸ்டார் ஃப்ரூட் எல்லாம் அருமையாக வருகின்றன. 1992 ஆகஸ்டில் ஆண்ட்ரூ புயல் இந்தத் தோட்டங்களைச் சாய்த்துப் போட்டுவிட்டுப் போன பிறகும் ஆட்கள் திரும்பத் திரும்ப நட்டிருக்கிறார்கள், அந்தப் பிடிவாதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஷ்னெப்லி குடும்பம் முதலில் பழ வியாபாரம் செய்தவர்கள். தோலில் தழும்போ கறையோ இருந்தால் கடைக்காரர்கள் பழத்தை எடுக்க மாட்டார்கள், ஆனால் உள்ளே சதைக்கு ஒரு குறையும் இருக்காது. அந்தப் பழத்தை வீணடிக்காமல் என்ன செய்யலாம் என்று யோசித்துத்தான் ஒயினில் இறங்கினார்கள். உங்கள் முதல் கேள்விக்கு என் பதில் இதிலேயே இருக்கிறது. தோட்டத்துப் பழம்தான் மூலப்பொருள், சுற்றுலா பிறகு வந்தது.

எதை முதலில் என்று கேட்டீர்கள். ஊற்றிக் கொடுப்பவரிடம் "இருப்பதிலேயே இனிப்புக் குறைந்ததிலிருந்து தொடங்குங்கள்" என்று சொல்லிவிடுங்கள். இது முக்கியம். இனிப்பான கொய்யா ஒயினைக் குடித்த நாக்குக்கு அடுத்து வரும் எதுவும் வெறும் புளிப்பாகத்தான் தெரியும். என் வரிசை: ஸ்டார் ஃப்ரூட், பேஷன் ஃப்ரூட், லிச்சி, மாம்பழம், கடைசியில் கொய்யா.

ஸ்டார் ஃப்ரூட்டைப் பழமாகச் சாப்பிட்டால் தண்ணீரும் லேசான புளிப்பும், அவ்வளவுதான், பார்க்க அழகு என்பதற்காகத் தட்டில் வைப்பார்கள். ஒயினாகும்போது அந்த மெலிவே அதற்குப் பலம். கனமில்லாமல், சுத்தமான புளிப்போடு, மீன் வறுவலுக்குப் பக்கத்தில் வைக்க அவ்வளவு பொருத்தம். என்னைக் கேட்டால் அந்த மேசையில் இருப்பதிலேயே நல்ல ஒயின் அதுதான். லிச்சி வேறு மாதிரி, கிளாஸை மூக்கருகே கொண்டுவரும்போதே ரோஜா மணம் எழும். கெவுர்ட்ஸ்ட்ராமினர் என்ற திராட்சை ஒயினைக் குடித்திருந்தால் உடனே அடையாளம் தெரியும், இரண்டிலும் ரோஸ் ஆக்சைடு என்ற ஒரே வாசனைப் பொருள் இருக்கிறது.

மாம்பழத்தைப் பற்றி மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நம் ஆட்கள் எல்லோரும் அதைத்தான் முதலில் கேட்பார்கள், மாம்பழச் சாறு மாதிரி வரும் என்று நினைத்து. வராது. நொதிக்கும்போது இனிப்பு போய்விடும், வாசனையிலும் நிறையப் போய்விடும். எனக்கு மிஞ்சித் தெரிவது மாங்காய்த் தோலின் மணமும் கொஞ்சம் பிசின் வாசமும். எனக்கு அது பிடிக்கும். அல்போன்சாவை மனதில் வைத்துக்கொண்டு குடித்தால் பிடிக்காது.

திராட்சைப் பக்கம்:

செல்வி சொன்னதை மதிக்கிறேன், ஆனால் ஒரு விஷயத்தை யாராவது சொல்லியாக வேண்டும். ஒயின் திராட்சையில் அறுவடையின்போது நூற்றுக்கு 22, 24 வரை சர்க்கரை இருக்கும், அதுவே நொதித்து 12, 13 சதவீத ஆல்கஹாலாகும். வெளியிலிருந்து ஒன்றும் சேர்க்க வேண்டாம். ஸ்டார் ஃப்ரூட்டில் நூற்றுக்குப் பத்துகூட இருக்காது. ஒரு லிட்டரில் ஏறக்குறைய 17 கிராம் சர்க்கரை நொதித்தால்தான் ஒரு சதவீத ஆல்கஹால் கிடைக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஸ்டார் ஃப்ரூட் சாற்றில் லிட்டருக்கு 70 கிராம் என்று வைத்தால் 4 சதவீதம்தான் வரும், மீதியெல்லாம் மூட்டையிலிருந்து கொட்டிய சர்க்கரை. அவகாடோவில் சர்க்கரை கிட்டத்தட்ட இல்லவே இல்லை, இருப்பது கொழுப்பு. அப்படியிருக்க அதில் எதை நொதிக்கவைக்கிறார்கள்?

ஒயின் என்றால் நான் எதிர்பார்ப்பது ஒரு நிலத்தின் ஒரு வருடத்து வெயிலும் மழையும் அந்தச் சாற்றிலேயே இருக்க வேண்டும் என்பது. நல்ல பானமாக இருக்கலாம், அதை மறுக்கவில்லை. குமரன் இனிப்பில்லாத திராட்சை ஒயின் குடிப்பவர் என்பதால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டு போகச் சொல்வேன்.

நொதிக்காரன்:

வீட்டில் பழ ஒயின் செய்கிறவன் நான், உணவுத் தொழில்நுட்பம் படித்தவன். இருக்கும் இடம் டெக்சாஸ். (அமெரிக்காவில் வீட்டில் இரண்டு பெரியவர்கள் இருந்தால் சொந்தக் குடிப்புக்கு வருடத்துக்கு 200 காலன் வரை செய்துகொள்ளக் கூட்டாட்சிச் சட்டம் விடுகிறது, விற்கத்தான் கூடாது. தமிழ்நாட்டில் இருந்து படிப்பவர்கள் இதைப் பார்த்துப் பானையை எடுத்துவிடாதீர்கள், அங்கே உரிமம் இல்லாமல் செய்வது குற்றம்.)

மெத்தனால் பயத்தை முதலில் பார்ப்போம், ஏனென்றால் அக்காவின் பயம் நியாயமான இடத்திலிருந்து வருகிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் நடந்ததை யாரும் மறக்க முடியாது. ஆனால் அங்கே ஆட்களைக் கொன்றது சாராயத்தில் கலந்த தொழிற்சாலை மெத்தனால், பழம் புளித்ததால் வந்தது அல்ல. சர்க்கரையை ஈஸ்ட் தின்றால் வருவது எத்தனால். பழ ஒயினில் கொஞ்சம் மெத்தனால் இருப்பது உண்மைதான். பழத்தின் சதையில் இருக்கும் பெக்டின் உடையும்போது அது பிரிந்து வருகிறது. ஜாம் கெட்டியாவதற்குக் காரணமான அதே பெக்டின். கொய்யாவிலும் மாம்பழத்திலும் பெக்டின் அதிகம், அதனால் திராட்சை ஒயினைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கலாம். ஆனாலும் அது ஆளைப் பாதிக்கும் அளவுக்கு வெகு கீழே. கூடவே இருக்கும் எத்தனாலைத்தான் கல்லீரல் முதலில் பிடித்துச் செரிக்கும் என்பதால் அந்தக் கொஞ்சமும் மெதுவாக வெளியேறிவிடும். காய்ச்சி வடிக்கும்போது தவறாகச் செய்தால்தான் சேர்ந்துகொள்ளும், ஒயின் வடிக்காத பானம். அக்கா நிம்மதியாக இருக்கலாம்.

சைவம் பற்றி. மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பசை, ஜெலட்டின், முட்டை வெள்ளை, பாலின் கேசின் எல்லாமே ஒயினைத் தெளியவைக்கப் பயன்படுவது உண்மை. பென்டோனைட் என்ற களிமண்ணும் பயன்படும், அது சைவத்துக்குத் தடையில்லாதது. பழ ஒயினில் பெக்டின்தான் பெரிய கலங்கல், அதை உடைக்கத் தனி நொதி இருக்கிறது, பிறகு களிமண்ணோ வடிகட்டியோ போதும். ஆனால் ஒவ்வொரு ஆலையும் ஒவ்வொரு மாதிரி, லேபிளில் இதைப் போட வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆகவே ஊற்றிக் கொடுப்பவரிடம் "எதை வைத்துத் தெளியவைக்கிறீர்கள்" என்று நேராகக் கேளுங்கள். இது அவர்களிடம் பலரும் கேட்கிற கேள்விதான், கூச்சப்பட வேண்டாம்.

யாரும் சொல்லாத ஒன்று: உங்களில் யாருக்காவது சிறுநீரகக் கோளாறு இருந்தால் ஸ்டார் ஃப்ரூட் பக்கமே போகக் கூடாது, பழமானாலும் சாறானாலும் ஒயினானாலும். அதில் ஆக்சலேட்டும் கராம்பாக்சின் என்ற நச்சும் இருக்கின்றன. நல்ல சிறுநீரகம் வெளியேற்றிவிடும், பழுதானால் மூளை வரை பாதிப்பு போகும்.

திராட்சைப் பக்கம், உங்கள் கணக்கு சரி. ஆனால் முடிவு எனக்கு ஒத்துவரவில்லை. குளிர் வருடங்களில் பிரான்சின் பர்கண்டியிலேயே திராட்சைச் சாற்றில் சர்க்கரை சேர்க்கிறார்கள், ஓர் அளவுக்குள் அது சட்டப்படி சரிதான். சரி, அங்கே கொஞ்சம், இங்கே நிறைய என்பீர்கள். பழ ஒயினில் பழத்தின் வேலை ஆல்கஹால் கொடுப்பது இல்லை, புளிப்பும் மணமும் கொடுப்பது. பேஷன் ஃப்ரூட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் புளிப்பு அவ்வளவு கடுமை, தண்ணீர் சேர்த்து இறக்காவிட்டால் ஈஸ்டே திணறும். அப்படி இறக்கிய பிறகும் மணம் அறை முழுக்க நிற்கும். நியூசிலாந்து சவிஞான் பிளாங்க் என்ற வெள்ளைத் திராட்சை ஒயினில் நீங்கள் எல்லோரும் பாராட்டுகிற அந்த வாசனை சில கந்தகச் சேர்மங்களால் வருவது, அதே சேர்மங்கள் பேஷன் ஃப்ரூட்டிலும் கொய்யாவிலும் இயல்பாகவே இருக்கின்றன. திராட்சையில் வந்தால் உயர்வு, சொந்தப் பழத்தில் வந்தால் தாழ்வு என்பதை நான் ஏற்க மாட்டேன்.

அவகாடோ விஷயத்தில் மட்டும் உங்கள் பக்கம் நிற்கிறேன். அதில் ஆல்கஹால் முழுக்கச் சேர்த்த சர்க்கரையிலிருந்துதான் வர முடியும்.

கட்லர்பே செல்வி:

அவகாடோ ஒயினில் அவகாடோ வாசமே வராது, வெண்ணெய் மாதிரி வழுவழுப்பும் இருக்காது. லேசான பச்சிலை வாசம், வெளுத்த நிறம். சர்க்கரை எங்கிருந்து வந்தது என்ற கேள்வி நியாயமே, ஆனாலும் ஒரு மடக்கு குடித்துப் பார்க்காமல் போகாதீர்கள், இவ்வளவு கொழுப்பான பழத்திலிருந்து இவ்வளவு மெலிந்த பானம் வருவதை வேறு எங்கே பார்க்கப் போகிறோம்.

நிலத்தின் வெயிலும் மழையும் என்று திராட்சைப் பக்கம் சொன்னதற்கு ஒன்று சொல்ல வேண்டும். ஃபுளோரிடா மாம்பழத்தின் கதையே இந்தியாவிலிருந்து தொடங்குகிறது. 1889ல் இந்தியாவிலிருந்து வந்த முல்கோபா என்ற மா ரகத்தின் ஒட்டுக்கன்றுகளில் பிழைத்ததன் விதையிலிருந்து, மயாமி பக்கத்தில் கோகனட் குரோவில் முளைத்ததுதான் ஹேடன் மாமரம். இன்று அமெரிக்கக் கடைகளில் கிடைக்கும் டாமி அட்கின்ஸ் அந்த ஹேடனின் பிள்ளை. நூறு வருடத்துக்கு மேல் இந்தச் சுண்ணாம்புப் பாறையில் வேர் பிடித்து, புயலில் சாய்ந்து, மறுபடி தளிர்த்த மரங்கள் இவை. அந்தப் பழத்துக்கு நிலத்தின் கதை இல்லை என்று சொல்ல முடியுமா?

பினாங்கு மணி:

எங்கள் ஊரில் இதே பேச்சு டுரியான் பழத்தைப் பற்றி வரும். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் டுரியான் சதையை நொதிக்கவைத்து ஒயின் செய்து ஆராய்ந்திருக்கிறார்கள். ஆனால் டுரியானையும் மதுவையும் ஒன்றாகத் தொடாதே என்று இங்கே பெரியவர்கள் சொல்லுவார்கள், அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஜப்பானில் சுகுபா பல்கலைக்கழகத்தார் 2009ல் சோதித்தபோது, ஆல்கஹால் உடைந்து வரும் நச்சைச் செரிக்கிற நொதியை டுரியான் சாறு வெகுவாக முடக்கியது. சோதனைக்குழாயில் பார்த்ததுதான், என்றாலும் நான் இரண்டையும் ஒரே இரவில் வைத்துக்கொள்ள மாட்டேன்.

கிஹேய் ராஜி:

பழ ஒயின் என்றால் இனிப்பு என்று நினைப்பவர்கள் ஹவாயில் எங்கள் மாவித் தீவுக்கு வாருங்கள். ஹலேயகலா எரிமலைச் சரிவில் உலுபலகுவா என்ற மாட்டுப் பண்ணை, அங்கே 1974ல் எமில் டெடெஸ்கியும் பார்டி எர்ட்மனும் சேர்ந்து ஒயின் ஆலை தொடங்கினார்கள். நட்ட திராட்சை காய்க்க வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும், தீவிலோ அன்னாசி கொட்டிக் கிடந்தது. சரி, கை பழகட்டும் என்று அன்னாசியில் ஒயின் போட்டார்கள். 1977ல் மாவி பிளாங்க் என்ற பெயரில் வெளிவந்தது, இன்றுவரை அதுதான் அந்த ஆலையின் அடையாளம். இப்போது மாவிஒயின் என்று பெயர்.

என் கருத்தில் அன்னாசி மற்ற எல்லா வெப்பமண்டலப் பழத்தையும்விட ஒயினுக்கு ஏற்றது. புளிப்பும் இனிப்பும் பழத்திலேயே ஓரளவு சமமாக இருக்கிறது, நொதித்த பிறகும் அன்னாசி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். அதையே நுரைக்கவைத்து ஹுலா ஓ மாவி என்று போடுகிறார்கள், கல்யாண வீட்டில் ஷாம்பேனுக்குப் பதில் அதைத்தான் நாங்கள் உடைப்போம். மாவி லேண்ட் அண்ட் பைனாப்பிள் நிறுவனம் 2009 கடைசியில் அன்னாசி விவசாயத்தையே நிறுத்தியபோது இங்கே பல குடும்பங்களுக்கு அது பெரிய அடி. அதன் பிறகு மாவி கோல்ட் பெயரில் வேறு ஆட்கள் எடுத்து நடத்துவதால்தான் தீவில் இன்னும் அன்னாசி விளைகிறது. ஒயின் குடிக்கும் கூடம் 1874ல் கலாகவுவா அரசர் வந்தபோது அவருக்காகக் கட்டிய குடில். அங்கே உட்கார்ந்து குடித்தால் திராட்சைப் பக்கம் கேட்கிற நிலம், வருடம் எல்லாம் கிடைக்கும்.

திராட்சைப் பக்கம்:

அன்னாசி ஒயினை நான் குடித்ததில்லை, ராஜி சொல்வதைப் பார்த்தால் அதை ருசித்துவிட்டுத்தான் பேச வேண்டும் போலிருக்கிறது. கந்தகச் சேர்மம் பற்றி நொதிக்காரன் சொன்னதையும் ஏற்கிறேன். சர்க்கரைக் கணக்கில் மாற்றமில்லை. ஒரு வேண்டுகோள் மட்டும்: எவ்வளவு சர்க்கரை சேர்த்தோம் என்று புட்டியில் எழுதட்டும், நான் முதல் ஆளாக வாங்குகிறேன்.

அட்லாண்டா குமரன்:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை. மெத்தனால் பதிலை அக்காவிடம் படித்துக் காட்டினேன், சம்மதித்துவிட்டார். களிமண்ணா மீனா என்று மனைவி தானே கேட்டுக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள். சகலைக்கு யூரிக் அமிலமும் சிறுநீரகக் கல்லும் உண்டு, நொதிக்காரன் சொன்னதைப் பார்த்து ஸ்டார் ஃப்ரூட்டை அவர் தொடப்போவதில்லை, அந்தக் கிளாஸ் எனக்கு.

செல்விக்கா, கடைசியாக ஒன்று. லிச்சி ஒயினில் இரண்டு புட்டி வாங்கி டிசம்பரில் சென்னைக்கு எடுத்துப்போகலாம் என்றிருக்கிறேன், மச்சான் கேட்டிருக்கிறான். அதுவரை தாங்குமா? போகும்போது வாங்கட்டுமா, வரும்போதா?

நொதிக்காரன்:

சகலை ஒருமுறை மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது, அதுவரை தள்ளி இருப்பது சரிதான்.

கட்லர்பே செல்வி:

வரும்போது வாங்குங்கள். போகும்போது வாங்கினால் கீ வெஸ்ட் முழுக்கக் கார் டிக்கியில் வெயிலில் கிடக்கும், லிச்சியின் ரோஜா மணம்தான் முதலில் போகும், மிஞ்சுவது வெந்த பழ வாசம். டிசம்பர் வரை தாங்கும், வெளிச்சம் படாமல் குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். ஆனால் வருடக்கணக்கில் வைக்கிற ஒயின் இல்லை, மச்சானிடம் அலமாரியில் அடுக்கிவைக்காமல் வந்த வாரமே திறக்கச் சொல்லுங்கள். இந்தியாவுக்குள் ஆளுக்கு இரண்டு லிட்டர் வரை தீர்வையில்லாமல் கொண்டுபோகலாம், 750 மில்லி புட்டி இரண்டு அதற்குள் அடங்கும். கைப்பையில் விடமாட்டார்கள், பெட்டிக்குள் துணி சுற்றி நடுவில் வையுங்கள்.

திறந்திருக்கும் நேரமும் ருசி பார்க்கும் கட்டணமும் மாறும், கிளம்பும் முன் ஃபோன் செய்துவிடுங்கள். நான்கு பேரில் யார் வண்டி ஓட்டுவது என்பதையும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள், அங்கிருந்து கீ வெஸ்ட் மூன்று மணி நேரத்துக்குக் குறையாத ஓட்டம், பெரும்பகுதி தீவுகளையும் பாலங்களையும் தாண்டிப் போகிற ஒற்றைச் சாலை. ஓட்டுகிறவருக்கு, அந்தப் பக்கத்திலேயே இருக்கும் ராபர்ட் இஸ் ஹியர் பழக்கடையில் ஒரு மில்க் ஷேக் வாங்கிக் கொடுங்கள். 1959ல் இருந்து நடக்கிற கடை, சப்போட்டா ஷேக் இருந்தால் அதைக் கேளுங்கள்.